பனியன் கம்பெனி முதலாளிக்கு ஆஸ்பத்திரிக் கமிட்டியில் என்ன வேலை?





சென்ற மாதம் திருப்பூரில் ஒரு சபையில் மருத்துவ ஊழியத்தைக் குறித்துப் பேசிவிட்டு வெளியே வந்தபோது, ஒரு சகோதரி தயங்கித் தயங்கி அருகில் வந்தார்கள். பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை செய்கிறவர்கள். சனிக்கிழமைச் சம்பளத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துவைத்து, மாதக் கடைசியில் மருத்துவ ஊழியத்துக்கென்று காணிக்கை கொடுக்கிறவர்கள். அவர்கள் கேட்டது இதுதான்: "ஏனுங்க ஐயா, ஆஸ்பத்திரிக் கமிட்டியிலே டாக்டருங்களும் ஐயருங்களும் இருந்தா பத்தாதுங்களா? பனியன் கம்பெனி மொதலாளிக்கு அங்கே என்னங்க வேலை?"

நியாயமான கேள்வி. மிஷன் மருத்துவமனைகளின் அறிக்கைகளில் ஆலோசனைக் குழு உறுப்பினர்களின் பெயர்களுக்குக் கீழே தொழிலதிபர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, ஆடிட்டர், அறக்கட்டளை நிர்வாகி என்று அச்சிடப்பட்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு வரி அங்கே ஏன் இருக்கிறது? காணிக்கை கொடுக்கிற நமக்கு அது எதைச் சொல்லுகிறது? இதைக் குறித்துச் சற்று விளக்கமாகவே எழுத விரும்புகிறோம்.

ஆலோசனை வேறு, ஆளுகை வேறு

முதலாவது ஒரு வேறுபாட்டை மனதில் கொள்ள வேண்டும். மிஷன் மருத்துவமனை பெரும்பாலும் ஒரு சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்யப்பட்டிருக்கும். தமிழ்நாட்டில் சங்கங்களுக்கு 1975ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் உண்டு. அதன்படி அமைந்த நிர்வாகக் குழுவே சட்டப் பொறுப்பைச் சுமக்கிறது. கணக்கில் தவறு நேர்ந்தால் அரசாங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

ஆலோசனைக் குழு அப்படிப்பட்டதல்ல. அதன் உறுப்பினர்கள் காசோலையில் கையெழுத்திடுவதில்லை, ஊழியரை நியமிப்பதில்லை, நீக்குவதுமில்லை. தாங்கள் வாழ்நாளெல்லாம் கற்ற தொழிலறிவை ஊழியத்துக்குக் கடனாகத் தருகிறார்கள், அவ்வளவுதான். ஆகவேதான் ஒருவர் என்ன தொழில் செய்தவர் என்பது இங்கே முக்கியமாகிறது. அதிகாரம் இல்லாத இடத்தில் அவர் கொண்டுவருவது அந்த அனுபவம் ஒன்றே.

வேதத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. மோசேயின் மாமனாகிய எத்திரோ, காலைமுதல் மாலைவரை ஒரே மனிதன் எல்லா வழக்குகளையும் விசாரிப்பதைப் பார்த்து, இது உனக்கும் ஜனத்துக்கும் தாங்காது என்று எடுத்துச் சொன்னார். ஆலோசனை சொன்னவர் தம் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார், பொறுப்பு மோசேயிடமே இருந்தது. பிலிப்பி பட்டணத்தில் பவுலை வீட்டில் சேர்த்துக்கொண்ட லீதியாளும் வியாபாரம் செய்த பெண்மணிதான். சாயம் தோய்த்த இரத்தாம்பரம் விற்றவள் என்று வாசிக்கும்போது நம் ஊர்க்காரருக்கு அவள் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

வேலூரின் சரித்திரம் சொல்லும் பாடம்

தமிழ்நாட்டு மிஷன் மருத்துவமனைகளின் சரித்திரத்திலிருந்து மூன்று பேரைப் பார்ப்போம்.

ஐடா ஸ்கட்டர் அம்மையார் மருத்துவப் படிப்பை முடித்து 1900இல் வேலூருக்குத் திரும்புமுன், ஒரு பெண்கள் மருத்துவமனைக்காக நியூயார்க்கில் நிதி திரட்டிக்கொண்டிருந்தார்கள். ராபர்ட் ஷெல் என்ற முதிய வங்கியாளர் அவர்களை அழைத்துப் பேசி, மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். அப்படி எழுந்ததே 1902இல் திறக்கப்பட்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. நாற்பது படுக்கைகள் கொண்டது. வங்கியாளர் ஒருவர் கேட்டு விசாரித்துத் திருப்தியடைந்த பிறகு கொடுத்த பணம் அது.

இரண்டாமவர் லூசி பீபாடி அம்மையார். 1881இல் கணவரோடு மிஷனெரியாகத் தென்னிந்தியா வந்து, தெலுங்கு மக்களிடையே ஊழியம் செய்தவர். கணவர் இங்கேயே மரிக்க, சிறு பிள்ளைகளோடு அமெரிக்கா திரும்பினார். பின்பு ஏற்றுமதி இறக்குமதி வியாபாரம் நடத்திய ஹென்றி பீபாடி என்பவரை மணந்தார். இரண்டே ஆண்டுகளில் அவரும் மரித்தார். மிஷன் களம், சபைப் பெண்கள் சங்கங்கள், வியாபாரக் குடும்பம் ஆகிய மூன்றையும் உள்ளிருந்து அறிந்த இந்த அம்மையார்தான், வேலூர் மருத்துவப் பள்ளியும் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியும் உட்பட ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காகப் பெரிய நிதி முயற்சியை முன்னின்று நடத்தினார். நீங்கள் இருபது லட்சம் டாலர் திரட்டினால் நாங்கள் பத்து லட்சம் தருகிறோம் என்றது ராக்ஃபெல்லர் குடும்பத்தின் அறநிதி ஒன்று. சபைப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து 1923இல் அந்தக் குறியை எட்டினார்கள்.

மூன்றாமவர் வில்லியம் ஜே ஷீஃபலின். வேதியியல் படித்தவர், நியூயார்க்கில் தலைமுறை தலைமுறையாக மருந்து மொத்த வியாபாரம் செய்துவந்த குடும்பத்தின் நிறுவனத்தை நடத்தியவர். தொழுநோயாளருக்கான அமெரிக்க மிஷனின் தலைவராக நீண்ட காலம் உழைத்தார். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

வங்கியாளர், நிதி திரட்டும் திறமை பெற்றவர், மருந்து வியாபாரி. மூவரில் ஒருவரும் மருத்துவர் அல்ல. ஆனாலும் அவர்கள் கைபடாமல் அந்த மருத்துவப் பணி இத்தனை தூரம் வந்திருக்காது.

நூல் ஆலை வீட்டுப் பிள்ளை

திருப்பூர் வாசகர்கள் விசேஷமாக அறிய வேண்டிய ஒருவர் உண்டு. ஸ்காட்லாந்தின் அலோவா நகரில், கம்பளிப் பின்னல் நூல் தயாரிப்பில் பேர்பெற்ற பேட்டன் குடும்பத்தில் 1891இல் பிறந்தவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். பின்னல் நூலால் செழித்த வீடு. அவரோ மருத்துவம் படித்து, சவரிராயன் ஏசுதாசன் என்ற தமிழ் மருத்துவரோடு சேர்ந்து, 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார். அங்கே ஏழைகளுக்கு மருத்துவமனை நடத்தினார்கள். இருவரும் ஒரே கூரையின் கீழ் சகோதரராக வாழ்ந்தார்கள், கதர் உடுத்தினார்கள்.

திருப்பூர் குமரன் உயிர் நீத்த அதே 1932ஆம் ஆண்டில், சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த வேளையில், கதர் உடையில் நின்ற இந்த ஸ்காட்லாந்து மருத்துவரைக் காவல்துறையினர் தாக்கினார்கள். நூல் ஆலை வீட்டுப் பிள்ளை, தம்மை வளர்த்த தொழிலின் லாபத்தையும் தாம் சேவித்த ஜனங்களின் நலத்தையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்க வேண்டிய காலம் அது. அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை அவர் உடுத்திய துணியே காட்டியது. தொழில் பின்னணியை நாம் பார்ப்பதும் இதற்காகவே. ஒருவர் தம் தொழிலிலிருந்து எதைக் கொண்டுவருகிறார், எதை வாசலிலேயே விட்டுவருகிறார் என்று அறிய வேண்டும்.

திருப்பூர் தொழில் எதைக் கற்றுத்தருகிறது?

இப்போது சகோதரியின் கேள்விக்கு நேராக வருவோம்.

ஏற்றுமதி செய்கிறவர் ஒரு பனியனுக்கு நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக்கூலி, சேதாரம், கட்டிங், தையல், பேக்கிங் என்று பைசா வரை கணக்குப் போடப் பழகினவர். ஒரு சிசேரியனுக்கு, ஒரு டயாலிசிஸுக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்று எத்தனை மிஷன் மருத்துவமனைகளில் கணக்கு இருக்கிறது? செலவு தெரியாவிட்டால், எந்த நோயாளிக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுத்தோம் என்பதும் தெரியாது. தர்மம் செய்தோம் என்று எண்ணிக்கொண்டே கடனில் விழுவோம்.

மெர்ச்சண்டைசர் வேலை பார்த்தவருக்குத் தேதியின் அருமை தெரியும். கப்பல் தப்பினால் விமானத்தில் அனுப்ப வேண்டும், லாபமெல்லாம் அதிலே போய்விடும். மருந்துக் கிடங்கில் இன்சுலின் எந்தத் தேதியில் தீரும், எந்தத் தேதியில் ஆர்டர் போட வேண்டும் என்பதும் அதே கணக்குதான். இங்கே தேதி தப்பினால் போவது லாபம் அல்ல, உயிர்.

சாயத்தொழில் செய்தவர்கள் கசப்பான பாடம் ஒன்றைப் படித்திருக்கிறார்கள். நொய்யல் ஆறு மாசுபட்டதன் விளைவாக, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஊரே தத்தளித்தது. கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறைக்கு அதன் பிறகே தொழில் முழுமையாகத் திரும்பியது. மருத்துவமனையிலும் கழிவு உண்டு. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்து வைக்கச் சொல்லுகின்றன. இதைச் செலவு என்று தள்ளிப்போடாதீர்கள் என்று, அடிபட்டு அறிந்தவர் சொன்னால் அந்த வார்த்தைக்கு எடை உண்டு.

ஆடிட்டரும் அறக்கட்டளை நிர்வாகியும் சட்டத்தின் மாற்றங்களைச் சொல்லுவார்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020இல் திருத்தப்பட்ட பிறகு, அப்பணம் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக்கே முதலில் வர வேண்டும். அதிலிருந்து நிர்வாகச் செலவுக்கு இருபது சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டமோ, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கம்பெனிகள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆனால் கூட்டாண்மையாக நடக்கும் தொழில்களை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆகவே திருப்பூரில் யாரிடம் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம், யாரிடம் அன்பின் நிமித்தம் மாத்திரமே கேட்கலாம் என்பது விவரம் தெரிந்தவருக்கே விளங்கும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கியது. மருத்துவர் வெங்கடசாமி தம் குழுவில் நிர்வாகக் கல்வி கற்ற துளசிராஜ் அவர்களையும் சேர்த்துக்கொண்டார். பணம் கொடுக்கக் கூடியவர்கள் கொடுத்ததைக் கொண்டே இல்லாதவர்களுக்கு இலவசமாய்ச் சிகிச்சை தந்து உலகம் வியக்க வளர்ந்தது. மருத்துவரின் இரக்கமும் நிர்வாகியின் கணக்கும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அது சாட்சி.

தொழில் கற்றுத்தராதது

இத்தனையும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் உங்களுக்கு உண்மையாய் இருந்தவர்களாக மாட்டோம்.

பனியன் தொழிலில் பழுதான உருப்படியைத் தனியே ஒதுக்கி, செகண்ட்ஸ் என்று குறைந்த விலைக்குத் தள்ளிவிடலாம். மருத்துவமனையில் செகண்ட்ஸ் மனிதர் கிடையாது. கூலி கொடுக்க வழியில்லாத கிழவிக்கும் முதல்தரச் சிகிச்சைதான். அங்கே பீஸ் ரேட் உண்டு, அதிகம் தைத்தவருக்கு அதிகக் கூலி. அதே வழக்கத்தை மருத்துவரிடம் கொண்டுவந்து, அறுவைச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று பேசினால், தேவையில்லாத கத்தி ஏழையின் வயிற்றில் பாயும். நஷ்டம் தரும் பகுதியை மூடிவிடு என்பது வியாபாரத்தில் நல்ல ஆலோசனை. பிரசவ வார்டுக்கும் காசநோய்ப் பிரிவுக்கும் அது பொருந்தாது.

ஆதாயத்தின் சோதனையும் உண்டு. உறுப்பினரின் உறவினர் கடையிலிருந்தே படுக்கை விரிப்புகளும் மருந்தும் வாங்கினால், விலை சரியாகவே இருந்தாலும் சந்தேகம் பிறக்கும். அறக்கட்டளையின் பணம் அதன் நிர்வாகிகளுக்கோ பெரும் கொடையாளருக்கோ அவர்கள் உறவினருக்கோ தகாத ஆதாயமாகப் போனால் வருமான வரிவிலக்கே ஆபத்துக்குள்ளாகும். அப்படிப்பட்ட காரியம் வரும்போது சம்பந்தப்பட்டவர் முன்கூட்டியே அதை அறிவித்து, எழுந்து வெளியே போய்விட வேண்டும். அதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதவும் வேண்டும். எருசலேமின் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோகப் பவுல் தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த வேறு சகோதரரையும் அனுப்பியது, ஒருவரும் குறைசொல்ல இடம் வரக்கூடாது என்பதற்காகவே அல்லவா?

பெரிய உதவி செய்தவரின் சொல் எவ்வளவு தூரம் செல்ல வேண்டும் என்பது இன்னொரு கடினமான கேள்வி. லூசி பீபாடி அம்மையாரையே மறுபடி நினைத்துப் பாருங்கள். 1930களின் இறுதியில் பழைய மருத்துவப் பட்டயப் படிப்புகளுக்கு முடிவு வந்தது. வேலூர் பட்டக் கல்லூரியாக உயர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மூடப்பட வேண்டும். அதற்கான பெரிய ஆதரவைப் பெற ஆண்களையும் சேர்த்துக்கொள்ளும் யோசனை எழுந்தது. பீபாடி அம்மையார் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்காகப் பெண்கள் கொடுத்த பணம், கொடுத்தவர்களுக்குச் சொன்ன வாக்கு என்ன ஆவது என்பது அவர் நியாயம். கல்லூரியே இல்லாமற்போனால் யாருக்குப் பயன் என்பது ஐடா அம்மையாரின் நியாயம். நெடுங்காலச் சிநேகிதிகள் இருவருக்கும் இது ஆறாத காயமாயிற்று. 1942இல் பட்டப் படிப்பு தொடங்கியது, 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். ஆலோசனை சொல்லுகிறவர் தம் மனச்சாட்சியைத் தாராளமாய்ச் சொல்லட்டும், ஆனால் தீர்மானம் பொறுப்பைச் சுமக்கிறவர்களுடையது. இந்த ஒழுங்கு முன்கூட்டியே எல்லாருக்கும் தெளிவாயிருந்தால் வேதனை குறையும்.

அந்தச் சகோதரியின் இரண்டாம் கேள்வி

இவற்றில் சிலவற்றை நான் விளக்கிச் சொல்ல, அந்தச் சகோதரி பொறுமையாய்க் கேட்டார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் அந்த ஆஸ்பத்திரிக்குத்தானுங்க போறேன். எனக்கு என்ன சீக்குன்னு எங்க மொதலாளிக்குத் தெரிஞ்சிருமுங்களா?" என்றார்கள்.

முதல் கேள்விக்குள் மறைந்திருந்தது இதுதான். முதலாளி கமிட்டியில் அமர்ந்திருக்கிறார், தொழிலாளி அதே மருத்துவமனையின் பெஞ்சில் அமர்ந்திருக்கிறாள். காசநோய் என்று தெரிந்தால் வேலை போகுமோ? கர்ப்பம் என்று தெரிந்தால் ஷிப்டுக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ? இந்தப் பயத்தினாலே ஒரு பெண் மருந்துக்கு வராமல் இருந்துவிட்டால், குழுவில் எத்தனை பெரிய மனிதர் இருந்தும் என்ன பயன்?

ஆகவே எந்த மிஷன் மருத்துவமனையிலும் இது எழுத்தில் இருக்க வேண்டிய விதி: ஆலோசனைக் குழு உறுப்பினர் எவருக்கும் நோயாளியின் சீட்டையோ பதிவேட்டையோ பார்க்கும் உரிமை இல்லை. குழுவுக்கு வருவது எண்ணிக்கைகள் மாத்திரமே, பெயர்கள் அல்ல. காசநோயை அரசு சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் கடமை, முதலாளிக்குத் தெரிவிப்பது அல்ல. எச்.ஐ.வி. நிலையை ஒருவரின் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது, அதைக் காட்டி வேலையிலிருந்து நீக்குவதையும் தடுக்கிறது. மேலும், தொழில் அனுபவம் என்றால் முதலாளியின் அனுபவம் மட்டும்தானா? ஓவர்லாக் மெஷினில் இருபது வருடம் அமர்ந்த டெய்லருக்கும், பஞ்சுத்தூசியை நாள்முழுதும் சுவாசித்தவருக்கும், கைமடியாக நின்றே வேலை செய்தவருக்கும் தெரிந்தவை உண்டு. வெளிநோயாளர் பிரிவு ஷிப்ட் முடியும் நேரத்தில் மூடப்பட்டால் என்ன ஆகிறது என்பதை அவர்களே சொல்ல முடியும். அவர்களுக்கும் அந்த மேஜையில் ஒரு நாற்காலி வேண்டும்.

நீங்கள் கேட்கலாம்

காணிக்கை கொடுக்கிறவர்கள் கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு அல்ல, உக்கிராணத்துவத்தின் ஒரு பங்கு. ஆலோசனைக் குழுப் பட்டியலைப் பார்க்கும்போது இவற்றைக் கேளுங்கள்: இவர் தொழில் எது, அதிலிருந்து இந்த ஊழியத்துக்கு எந்த உதவி கிடைக்கிறது? கூட்டங்களுக்கு வருகிறாரா, பெயர் மட்டும் வருகிறதா? மருத்துவமனையோடு அவருக்கோ உறவினருக்கோ வியாபாரத் தொடர்பு உண்டா? உண்டானால் அது அறிவிக்கப்பட்டிருக்கிறதா? எத்தனை ஆண்டுகளுக்கு அமர்த்தப்பட்டிருக்கிறார்? ஏழை நோயாளியின் பக்கமிருந்து பேசுகிறவர் அந்தக் குழுவில் யார்?

இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லுகிற மருத்துவமனைக்கு நீங்கள் தைரியமாய்க் கொடுக்கலாம்.

ஜெபக் குறிப்புகள்

தங்கள் வேலை நெருக்கத்தின் நடுவிலும் மருத்துவ ஊழியத்துக்கு நேரமும் அறிவும் கொடுக்கிற தொழில் அனுபவசாலிகளுக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரியுங்கள். அவர்கள் நேர்மையில் நிலைநிற்க ஜெபியுங்கள். தீர்மானங்களின் பாரத்தைச் சுமக்கும் நிர்வாகக் குழுவினருக்காகவும், பயத்தினால் சிகிச்சைக்கு வராமலிருக்கும் தொழிலாள சகோதரிகளுக்காகவும் ஜெபியுங்கள்.

அந்தச் சகோதரி விடைபெறும்போது, "அப்படிங்களா ஐயா, இதையெல்லாம் எழுதிப் போடுங்க, எங்க கம்பெனிப் புள்ளைங்களும் படிக்கட்டும்" என்றார்கள். அதன்படியே எழுதியிருக்கிறோம். உங்கள் சபையில் இதை வாசித்துக் காட்டுங்கள்.

கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.